கூட்ஸ் வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: ஜோலார்பேட்டையில் முதல் இரண்டு நாள்

பயணிகள் ரயிலைப் படம் எடுப்பது சுலபம். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்தப் பிளாட்பாரம் என்று கைபேசியே சொல்லிவிடும். சரக்கு ரயிலுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாம் பார்க்கிற கால அட்டவணையில் அது இல்லை. அது எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ரயில்வேக்காரர்களுக்கும் சரக்கை அனுப்பியவர்களுக்கும்தான் தெரியும். அதனால் முதல்முறை போகிறவர்கள் பலரும் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வரல" என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கிளம்பிய கால் மணி நேரத்தில் அந்தப் பாதையில் ஐம்பது வேகன்கள் போயிருக்கும்.

நேரம் தெரியாவிட்டாலும், வண்டி வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். சிக்னல், ஸ்டேஷன் ஊழியர்கள், எக்ஸ்பிரஸ் வண்டிகள் எல்லாமே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. வந்த வண்டி எங்கிருந்து எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்பதையும் அதன் உடம்பைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் படம் தானாக நன்றாக வரும். பலர் கேமராவில் தொடங்குகிறார்கள். நான் பாதையில் தொடங்கச் சொல்வேன்.

ஏன் ஜோலார்பேட்டை

சென்னையில் இருப்பவர்கள் முதலில் அரை நாள் உள்ளூரிலேயே பழகிக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி அத்திப்பட்டு பக்கம் போனால் எண்ணூர் துறைமுகத்தின் நிலக்கரி வண்டிகளும், வடக்கே கூடூர் பாதையில் போகும் சரக்கு வண்டிகளும் கிடைக்கும். அரக்கோணமும் நல்ல இடம். அங்கே மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட் இருக்கிறது. காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் கிளைப் பாதையும் அங்கேதான் பிரிகிறது. வாலாஜாபாத்தில் கார் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிகளை அந்தப் பாதையில் பார்க்கலாம்.

ஆனால் ஊர் விட்டு ஊர் போய் இரண்டு நாள் முழுக்க இதற்கென்றே செலவழிப்பதானால், தமிழ்நாட்டில் என் முதல் தேர்வு ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து வரும் பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேற்கே மலையேறிக் குப்பம் வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. இன்னொன்று தெற்கே திருப்பத்தூர், மொரப்பூர், பொம்மிடி வழியாகச் சேலம், ஈரோடு, அதற்கப்பால் கேரளம் என்று நீள்கிறது. மூன்று திசைச் சரக்கும் ஒரே இடத்தைத் தொட்டுத்தான் போயாக வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்கும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டுக்கும் இடையில் ஓடும் கன்டெய்னர் வண்டிகள், மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி, கேரளத்துக்குப் போகும் அரிசி கோதுமை, பெட்ரோல் டேங்கர்கள் எல்லாம் இந்த வழிதான்.

2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஜூலை 12-ஆம் தேதி முதல் தண்ணீர் ரயில் புறப்பட்டது இந்த ஜோலார்பேட்டையிலிருந்துதான். 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்துக்குப் போனது. கூட்ஸ் வண்டி ஓடினால்தான் ஊர் ஓடும் என்பது அந்த மாதம் நகரத்துக்காரர்களுக்கும் புரிந்தது.

இன்னொரு காரணம் ஏலகிரி மலை. ஸ்டேஷனுக்குக் கிழக்கே சுவர் போல எழுந்து நிற்கிறது. வண்டிக்குப் பின்னால் வெறும் வானமும் மின் கம்பிகளும் மட்டும் தெரிகிற இடத்துக்கும், மலை தெரிகிற இடத்துக்கும் படத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உணர்வீர்கள்.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 215 கி.மீ. ஏலகிரி எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி இரவில் ஜோலார்பேட்டையில் கொண்டுவந்து விடும். இரவு தங்கிவிட்டு விடியலில் ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம். ஊரிலும், பக்கத்தில் திருப்பத்தூரிலும் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போவது நல்லது. மழை ஓய்ந்து காற்று தெளிவாக இருக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கத்து வெயில் கடுமை. முதல் பயணத்துக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

உள்ளே நுழைவதற்கு முன்

பிளாட்பாரத்தில் நிற்க டிக்கெட் வேண்டும். பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், 2 மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதற்கு மேல் நிற்பதானால் மறுபடி எடுங்கள். பத்து ரூபாய்க்குப் பார்த்து, அங்கே தலைகுனிந்து நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

அடுத்து, நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய் வணக்கம் சொல்லுங்கள். "சார், கூட்ஸ் வண்டி பார்க்கிறதுல எனக்கு ஆர்வம். பிளாட்பாரத்துலேயே நின்னு ரெண்டு மூணு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு கேட்பது முக்கியம். முதலில் படம் எடுத்துவிட்டு, யாராவது வந்து தடுத்த பிறகு அனுமதி கேட்பது முறையல்ல. சிலர் சரி என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் விவாதம் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள். அவர் அந்த நேரத்தில் எத்தனை வண்டிகளைக் கையாண்டுகொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. சினிமா, விளம்பரம் போன்ற வேலைக்கு எடுப்பதானால் அதற்கு முறையான எழுத்து அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் வந்து விசாரித்தால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டுங்கள். எடுத்த படங்களைக் கேட்டால் அதையும் காட்டுங்கள். ராணுவத் தளவாடங்கள் ஏற்றிய வண்டி வந்தால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். கண்ணால் பார்த்துக்கொள்வதோடு சரி. டிரோன் கொண்டுவரவே வேண்டாம்.

உயிர் சம்பந்தப்பட்டது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். படம் சுமாராக வந்தால் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், மூன்று பாதைகள் சேரும் சந்திப்பில் எந்தப் பாதையில் எது வரும் என்று பழகியவர்களே தடுமாறுவார்கள். பிளாட்பாரத்தின் முனையில் சரிவு இறங்குமே, அந்தச் சரிவிலும் இறங்காதீர்கள். பலருக்கும் ஆசை அங்கேதான் வரும். என் இரண்டாவது பயணத்தில், ஒரு சிறிய ஸ்டேஷனில், நான்கு அடி முன்னால் போனால் மின் கம்பம் மறைக்காது என்று அந்தச் சரிவில் இறங்கி நின்றேன். எதிர்ப் பாதையில் நீளமான ஒரு பெட்டி வேகன் வண்டி இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில், என் பக்கத்துப் பாதையில் இன்னொரு வண்டி வந்தது எனக்குக் கேட்கவே இல்லை. பாதை பிரியும் இடங்களைக் கவனிக்கும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் ஓடிவந்து தோளைப் பிடித்து மேலே இழுத்தார். அவர் திட்டவில்லை. "தம்பி, ஒரு வண்டி சத்தத்துல இன்னொரு வண்டி கேக்காது" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து எந்த வண்டி கடக்கும்போதும் முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். தொட்டால்தான் ஆபத்து என்றில்லை. நெருங்கினாலே பாய்ந்துவிடும். அதனால் உயரமான டிரைபாட், செல்ஃபி குச்சி, நீளக் கைப்பிடிக் குடை எதையும் தூக்கிப் பிடிக்காதீர்கள். நின்றிருக்கும் வேகன் மேல் ஏறிப் படம் எடுக்கப் போய் உயிரை விட்ட இளைஞர்களைப் பற்றிய செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வேகனுக்கு அடியில் புகுந்து அடுத்த பக்கம் போவதும் அப்படித்தான். கூட்ஸ் வண்டி கிளம்பும்போது ஹாரன் அடித்திருக்கலாம், ஆனால் அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இன்ஜினின் ஹாரன் நமக்குக் கேட்க வேண்டுமே!

வண்டி கடக்கும்போது மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு நில்லுங்கள். தார்ப்பாய்க் கயிறு, சரியாகத் தாழிடாத கதவு, உதிரும் நிலக்கரித் துண்டு எல்லாம் வெளியே நீளும், விழும். காதில் இயர்போன் வேண்டாம். வ்யூஃபைண்டரில் கண் வைத்திருக்கும்போது தூரம் ஏமாற்றும். வண்டி எங்கோ இருப்பதுபோலத் தெரியும், கேமராவை இறக்கினால் பக்கத்தில் நிற்கும். லோகோ பைலட்டின் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிக்கவே கூடாது.

வருவது எப்படித் தெரியும்

சரி, நின்றாயிற்று. இப்போது பாதையைப் படிப்போம்.

பிளாட்பார முனையில் நின்று நீங்கள் பார்க்கும் சிக்னல் விளக்கு, உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கானது. புதியவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். சிக்னல் பச்சையானதும் அந்தத் திசையிலேயே கண்ணை வைத்துக் காத்திருப்பார்கள், வண்டி பின்னாலிருந்து வந்து கடந்துபோய்விடும். எதிரிலிருந்து வரும் வண்டிக்கான சிக்னலின் முதுகுதான் உங்களுக்குத் தெரியும்.

சிவப்பு என்றால் நில். ஒற்றை மஞ்சள் என்றால், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக மெதுவாக வா. இரட்டை மஞ்சள் என்றால், வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள், அடுத்ததும் எச்சரிக்கையாக இருக்கும். பச்சை என்றால் தாராளமாகப் போ. பல ஸ்டேஷன்களில் சிக்னல் இயல்பாகச் சிவப்பிலேயே இருக்கும், வண்டிக்கு வழி கொடுத்த பிறகுதான் மாறும். அப்படிப்பட்ட இடத்தில் நிறம் மாறினாலே வண்டி வருகிறது என்று பொருள். தானியங்கி சிக்னல் உள்ள பகுதிகளில், பாதை காலியாக இருந்தாலே பச்சை எரியும், அங்கே இந்தக் கணக்கு உதவாது. சிக்னலுக்கு மேலே சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள் வரிசையாக எரிந்தால், வண்டி நேர் பாதையை விட்டுப் பக்கத்துப் பாதைக்குத் திரும்புகிறது. அதாவது லூப் லைனுக்கு.

இந்த லூப் லைன்தான் நமக்குச் சோறு. எக்ஸ்பிரஸ் வண்டி பின்னால் நெருங்கிவந்தால் கூட்ஸை லூப்பில் ஒதுக்கி நிறுத்துவார்கள். எக்ஸ்பிரஸ் கடந்ததும், பாதை காலியானதும், கூட்ஸை எடுப்பார்கள். ஆகவே பயணிகள் வண்டிகளின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சதாப்தி, வந்தே பாரத், பிருந்தாவன், கோவை எக்ஸ்பிரஸ் என்று ஒரே திசையில் அடுத்தடுத்துப் போகும் நேரங்களில் கூட்ஸ் பெரும்பாலும் எங்காவது ஒதுங்கி நிற்கும். அந்தக் கூட்டம் ஓய்ந்த பிறகு வரும் இடைவெளியில்தான் ஒன்றன் பின் ஒன்றாக விடுவார்கள். கால அட்டவணையில் எக்ஸ்பிரஸ் இல்லாத முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் எங்கெங்கே இருக்கிறது என்று முதல்நாள் இரவே பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். அந்த வட்டங்களில் சாப்பிடப் போகாதீர்கள்.

ஊழியர்களின் அசைவும் ஒரு சிக்னல். பாயிண்ட்ஸ்மேன் கையில் பச்சைக் கொடியோடு வெளியே வந்து நின்றால் நிற்காத வண்டி ஒன்று வருகிறது. அவர் ஒரு பக்கமும், வண்டியின் கடைசியில் வரும் கார்டு மறுபக்கமும் கொடி காட்டிக்கொள்வார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு. 2022 ஜனவரியிலிருந்து கார்டுக்கு 'ரயில் மேலாளர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் பாதையில் எல்லார் வாயிலும் இன்னும் கார்டுதான். ரயில்வே கேட் பக்கம் நிற்பதானால், கேட் மூடுவதே அறிவிப்பு.

இத்தனையும் தெரிந்தாலும் ஒரு மணி நேரம் எதுவும் வராமல் இருக்கும். அப்போது நின்றிருக்கும் வேகன்களைப் படியுங்கள்.

வேகன் சொல்லும் கதை

ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் பெரிய எழுத்தில் அதன் வகை, கீழே 11 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வேகன் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு. பிறகு நான்கு இலக்கம் வேகனின் தனி எண். கடைசி ஒன்று, மற்ற பத்தையும் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று சோதிப்பதற்கான இலக்கம். ஐந்தாவது, ஆறாவது இடத்தில் 09 இருந்தால் 2009-இல் செய்த வேகன். இது தெரிந்தபின் ஒரு வண்டி முழுக்க வெவ்வேறு வயது வேகன்கள் கலந்து ஓடுவதைப் பார்ப்பது தனி சுகம்.

மேலே திறந்த உயரமான பெட்டி பாக்ஸ்-என். நிலக்கரி, இரும்புத் தாது, ஜல்லி எல்லாம் இதில்தான். ஒரு வேகன் 11 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 58 வேகன் கோத்தால் இன்ஜினோடு சேர்த்து ஏறக்குறைய 650 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது உங்களைக் கடக்க 40 விநாடி ஆகும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். இன்ஜினை எடுத்துவிட்டுக் கேமராவைக் கீழே போடுகிறவர்கள் மீதி முப்பத்தெட்டு விநாடியை இழக்கிறார்கள்.

கூரையும் கதவும் உள்ள மூடிய வேகன் பி.சி.என். நெல், அரிசி, சிமென்ட், உரம். பொதுவாக 42 வேகன். உருளையாக இருப்பது பி.டி.பி.என், பெட்ரோலிய டேங்கர். தட்டையான தாழ்ந்த தளத்தில் கன்டெய்னர் ஏற்றியது பி.எல்.சி. 45 வேகன் கோத்து ஓடும். கன்டெய்னர் வண்டியில் கடல் கடந்து வந்த பெட்டிகளின் நிறங்கள் வரிசையாக வருவதால், புதியவர்கள் எடுக்கும் முதல் நல்ல படம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது கார் ஏற்றும் பழைய என்.எம்.ஜி வேகன். உற்றுப் பாருங்கள், அது ஒரு காலத்தில் நீங்களும் நானும் உட்கார்ந்து போன பயணிகள் பெட்டி. ஓய்வு பெற்றதும் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை இரும்புத் தகட்டால் அடைத்து, முனையில் பெரிய கதவு வைத்து, கார் ஏற்ற விட்டிருக்கிறார்கள். அடைத்த ஜன்னலின் விளிம்பு பெயிண்டுக்கு அடியில் இன்னும் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அதை நெருக்கமாக ஒரு படம் எடுங்கள்.

ஏற்றிய வண்டியா காலி வண்டியா என்பதைக் காதே சொல்லும். காலி பாக்ஸ்-என் தகர டப்பா போலக் கடகடக்கும். நிரம்பியது அடங்கிய குரலில், தரை அதிர, ஒவ்வொரு சக்கரமும் கனத்து விழும். கண்ணால் பார்க்க வேண்டுமானால் சக்கரச் சட்டத்தில் உள்ள ஸ்பிரிங்கைப் பாருங்கள். பாரம் இருந்தால் அமுங்கியிருக்கும். நடைமேம்பாலத்தில் நின்றால் உள்ளே இருக்கும் நிலக்கரியே தெரியும்.

அந்த நிலக்கரி வந்த வழியைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வண்டியின் மேல் மரியாதை வரும். ஒடிசாவின் தால்சர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம். மறுபடி ரயிலேறி அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் தாண்டி மேட்டூர். அங்கே 1,440 மெகாவாட் அனல் மின் நிலையம். உங்கள் முன்னால் 40 விநாடியில் கடப்பது அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி. இரவில் வீட்டில் எரிகிற விளக்கில் இதில் கொஞ்சம் இருக்கிறது.

இன்ஜின் பற்றிச் சுருக்கமாக. டபிள்யு என்றால் அகலப் பாதை, ஏ என்றால் மாறுதிசை மின்சாரம், டி என்றால் டீசல், ஜி என்றால் சரக்கு, பி என்றால் பயணிகள். எனவே டபிள்யு.ஏ.ஜி-9 என்பது அகலப் பாதை மின்சாரச் சரக்கு இன்ஜின், ஒன்பதாவது வகை. அதன் சக்தி சுமார் 6,000 குதிரைத் திறன். டபிள்யு.ஏ.ஜி-7 என்றால் 5,000. டபிள்யு.டி.ஜி-4 டீசல், 4,000-க்கு மேல். இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஷெட் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அரக்கோணம், ஈரோடு, ராயபுரம் இங்கே சகஜம். லல்லாகுடா, காஜிப்பேட்டை, விஜயவாடா என்று தெலுங்கு நாட்டு ஷெட்டுகளும் வரும். கூட்ஸ் இன்ஜின்கள் தாய்வீட்டுக்குத் தினமும் திரும்புவதில்லை. எங்கெங்கோ சுற்றும். இதுவரை பார்க்காத ஒரு ஷெட் பெயரைப் பார்த்த நாள் எனக்கு நல்ல நாள்.

இனி கேமரா

கைபேசி போதும். அதில் எடுப்பதானால் வண்டி மிக அருகில் வரும்வரை காத்திருக்காமல், முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் கோணத்தில் முன்கூட்டியே எடுங்கள். ஒரே அழுத்தில் தொடர்ந்து பத்துப் படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஜூம் செய்யாதீர்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

லென்ஸ் மாற்றும் கேமரா இருந்தால் 70–200 மி.மீ. ஒன்று, அகலமானது ஒன்று போதும். ஷட்டர் 1/500-க்குக் கீழே வேண்டாம், இன்ஜின் முகம் கலங்கிவிடும். கை பழகிய பிறகு 1/60-இல் வைத்து வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிப் பாருங்கள், கூட்ஸின் நிதானமான வேகம் அதற்கு ஏற்றது. நிலக்கரி வண்டி கடந்த கையோடு லென்ஸ் மாற்றாதீர்கள். காற்றில் கரித்தூள் மிதந்துகொண்டிருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஏலகிரி கிழக்கே இருப்பதால் ஜோலார்பேட்டையில் காலை வெயில் தாமதமாகத்தான் பாதைக்கு இறங்கும். மலை அப்போது வெயிலுக்கு எதிரில் நீலக் கறுப்பாக நிற்கும். அந்த நேரத்தில் நேர் வெளிச்சப் படத்துக்குப் போராடாமல், வண்டியையும் மலையையும் நிழலுருவமாக எடுங்கள். வெயில் மேலே வந்ததும் பாதைக்குக் கிழக்குப் பக்கமாக நில்லுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளிச்சம் தலைக்கு மேல், தண்டவாளத்துச் சூட்டில் காற்று நெளிகிறது. நீள லென்ஸில் தூரத்து இன்ஜின் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆகும். எந்த விலைக் கேமராவும் அதைச் சரி செய்யாது. அப்போது சாப்பிடுங்கள், அல்லது நிழலில் உட்கார்ந்து வேகன் எண்களைப் படியுங்கள்.

மாலை நான்கரைக்குப் பிறகு பாதைக்கு மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். வெயில் உங்கள் முதுகில் இருக்கும். வண்டியின் பக்கவாட்டு முழுவதும் பொன்னிறமாக, அதற்குப் பின்னால் ஏலகிரியின் ஒவ்வொரு மடிப்பும் தெளிவாக. இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இந்த ஊருக்கு வரச் சொன்னேன்.

மின் கம்பம் இன்ஜின் முகத்தை மறைப்பது எல்லார்க்கும் நேர்வது. வண்டி வருவதற்கு முன்பே வெறும் பாதையை ஒரு படம் எடுத்துப் பார்த்து, எந்த இரு கம்பங்களுக்கு நடுவில் இன்ஜின் வரும்போது அழுத்த வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசியில் பிரேக் வேன் வரும். அதன் சின்னத் திண்ணையில் கார்டு கொடியோடு நிற்பார். நீங்கள் கையசைத்தால் பெரும்பாலும் அவரும் அசைப்பார். அந்தப் படத்தை விட்டுவிடாதீர்கள். யாரையாவது அருகிலிருந்து முகம் தெரிய எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது

முதல் நாள் காலை முழுவதும் கேமராவை எடுக்க வேண்டாம் என்பேன். கடினமாகத்தான் இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம், திசை, இன்ஜின் வகை, எண், ஷெட், வேகன் வகை, எத்தனை வேகன், ஏற்றியதா காலியா என்று மட்டும் எழுதுங்கள். வேகன் எண்ணும்போது ஐந்து ஐந்தாக விரல் மடக்குங்கள், ஒவ்வொன்றாக எண்ணினால் கண் சுழலும். மதியத்துக்குள் அந்த நோட்டில் ஒரு தாளம் தெரியத் தொடங்கும்: எந்த எக்ஸ்பிரஸுக்குப் பிறகு சேலம் பக்கம் விடுகிறார்கள், பெங்களூரு பக்கத்திலிருந்து கன்டெய்னர் எப்போது இறங்குகிறது என்று. மாலையில் கேமராவோடு போங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல்களே போதும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில்தான் என்பதால் பிரியாணிக்கு ஆசைப்பட்டு ஓடுகிறவர்கள் உண்டு. போங்கள், ஆனால் பென்சில் வட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர், தொப்பி, வாயில் கட்ட ஒரு துண்டு, இவை எப்போதும் பையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாள் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷன். சேலம் பாதையில் பொம்மிடி எனக்குப் பிடித்தது, சேர்வராயன் மலைகள் பக்கத்தில். அதற்குத் தெற்கே லோக்கூர் பகுதியில் பாதை காட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் வளைகிறது. அந்தக் காட்டுக்குள் நடந்து போகாதீர்கள், ஸ்டேஷனிலேயே நில்லுங்கள். நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால் திரும்பி வருவதற்கான வண்டியை முதலிலேயே பார்த்து வையுங்கள். சின்ன ஸ்டேஷனில் ஆள் நடமாட்டம் குறைவு, ஊழியர்களுக்குப் பேச நேரம் இருக்கும். வெளியே வயல் பக்கமிருந்து எடுப்பதானால், ரயில்வே எல்லைக்கு வெளியே, வயல்காரரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். வரப்பை மிதித்து உடைக்காதீர்கள்.

போன ஜனவரியில் அப்படி ஒரு பெரியவரின் வரப்பில் நின்றிருந்தேன். "எதுக்குத் தம்பி, கரி வண்டியைப் போய்ப் படம் புடிக்கிற?" என்றார். எண்ணூரிலிருந்து மேட்டூருக்குப் போகும் வழியைச் சொன்னேன். கப்பலில் வருகிறது என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மோட்டார் கொட்டகைப் பக்கம் கை காட்டி, "அப்போ என் பம்பு செட்டுக்கும் இதுதானா?" என்று கேட்டார். சிக்னல் அப்போதுதான் பச்சைக்கு மாறியது. இருவரும் பாதைப் பக்கம் திரும்பினோம். அவர் எண்ணத் தொடங்கினார், நான் படம் எடுத்தேன். பிரேக் வேன் கடந்ததும் ஐம்பத்தெட்டு என்றார். நோட்டில் அவர் சொன்ன கணக்கைத்தான் எழுதிக்கொண்டேன்.